ஓபி சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் வரை: மருத்துவமனையில் திருநர் மீதான வெறுப்பை எதிர்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

டெல்டாவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற நர்ஸ் நான். இதைப் படிக்கிறவர் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டர்) இருக்கலாம், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், எச்ஐவி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், கிராம சுகாதார நர்ஸ் என்று யாராகவும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள்) அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி பின்னால் வருகிறது. காய்ச்சலோடு வந்து நிற்கிற ஒருவர் தன் மேல் காட்டும் வெறுப்பையும் தானே எதிர்த்து, டாக்டருக்குப் பாடமும் எடுத்து, அப்புறம்தான் மாத்திரை வாங்கிப் போக வேண்டும் என்றால் அது அநியாயம். உள்ளே சம்பளம் வாங்குகிற நாம் செய்ய வேண்டிய வேலை அது. அதனால்தான் இந்த வரிசை.

"உனக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் குறைவு. "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்பார்கள். "இதெல்லாம் இங்க பாக்குறதில்ல, தஞ்சாவூர் போங்க" என்பார்கள். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து நாகப்பட்டினம் வந்தவர், அங்கிருந்து திருவாரூர், அங்கிருந்து தஞ்சாவூர் என்று அலைந்தால் ஒரு நாள் வருமானமும் பஸ் காசும் போகும், வலி அப்படியே இருக்கும். அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்வார், ரொம்ப முற்றின பிறகு ராத்திரியில் 108-ல் வருவார். அப்போதும் நாம்தான் சொல்கிறோம், "இவங்க எப்பவுமே லேட்டாத்தான் வருவாங்க" என்று.

படி 1: வெறுப்பு எந்த வாசலில் உள்ளே வருகிறது என்று பாருங்கள்

ஒரு நாள் டியூட்டி முடிந்ததும் உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி நடக்கிற வழியை அப்படியே நடந்து பாருங்கள். கேட், ஓபி கவுன்டர், வரிசை, பிபி பார்க்கிற மேஜை, டாக்டர் அறை, லேப், மருந்து கொடுக்கிற ஜன்னல், வார்டு, கழிப்பறை. டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே எத்தனை இடம் இருக்கிறது பாருங்கள். கேட்டில் வாட்ச்மேன் "காசு கேக்க வந்தியா, வெளிய போ" என்று விரட்டுகிறார். கவுன்டரில் ஆதாரில் இருக்கிற பழைய பெயரை எழுதுகிறார்கள், அதே பெயரை மைக்கில் கூப்பிடுகிறார்கள், சேலை கட்டிய ஒருவர் அந்தப் பெயருக்கு எழுந்து நடக்கும்போது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. ஆண்கள் வரிசையில் நின்றால் இடி, பெண்கள் வரிசையில் நின்றால் முணுமுணுப்பு. இவ்வளவும் தாண்டி டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் ஏற்கனவே கோபத்தில் இருப்பார், டாக்டர் அந்தக் கோபத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

உங்கள் இடத்தில் எந்த வாசல் மோசம் என்று தெரிந்தால்தான் எங்கே தொடங்குவது என்று தெரியும். என் அனுபவத்தில் பெயர் கூப்பிடுவதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், ஏனென்றால் அதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டு, சீட்டின் மேல் மூலையில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி வைத்தால் போதும். ஆதார் பெயர் பதிவில் இருக்கட்டும், கூப்பிடுவதற்கு அது வேண்டாம். அல்லது டோக்கன் எண்ணைக் கூப்பிடலாம், அதில் எல்லா நோயாளிகளுக்குமே நன்மைதான்.

படி 2: பேசுவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். "பாவம் சார், அவங்களும் மனுஷங்கதானே" என்று நீங்கள் சொன்னால் சீனியர் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பார். பரிதாபத்துக்கு அங்கே மதிப்பில்லை, மருத்துவத்தையும் சட்டத்தையும் பேசினால் நின்று கேட்பார். நான் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியங்களையும் அவற்றுக்கான பதில்களையும் எழுதுகிறேன்.

"இது ஒரு மனநோய்தானே?" இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பை 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது, 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்த நிலை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த தனி அத்தியாயத்துக்குப் போய்விட்டது. சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மனச்சோர்வு இவர்களில் பலருக்கு உண்டு, மறுக்கவில்லை. வீட்டை விட்டுத் துரத்தி, வேலை கொடுக்காமல், ஆஸ்பத்திரியிலும் சிரித்தால் யாருக்குத்தான் வராது?

"மருந்து கொடுத்து, கவுன்சலிங் கொடுத்து மாத்திடலாம்." இது பெரும்பாலும் பெற்றோர் கூட்டி வருகிற பிள்ளைகள் விஷயத்தில் வருகிறது, அதிலும் திருநம்பிகளுக்குத்தான் அதிகம் நடக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதில் முடியை வெட்டிக்கொண்டு சட்டை போட்டு நிற்கிற பிள்ளையை, "பொண்ணா மாத்திக் குடுங்க" என்று ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு இழுத்துப் போவார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, இப்படி 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்யவும், அப்படிச் செய்கிற மருத்துவர் மீது உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் 'கன்வர்ஷன் தெரபி' என்று சொல்லப்படும் இந்த மாற்ற முயலும் முறையைத் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்து மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. ஆக, இதைச் செய்கிற டாக்டர் தன் பதிவு எண்ணைப் பணயம் வைத்துத்தான் செய்கிறார். இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

"முதல்ல எச்ஐவி டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லு." கையில் அரிவாள் வெட்டோடு வந்தாலும் இதுதான் முதல் வாக்கியம். எச்ஐவி பரிசோதனைக்கு நோயாளியின் சம்மதம் கட்டாயம். 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, முடிவை வெளியில் சொல்வதையும் தடுக்கிறது. கையுறையும் ஊசிப் பாதுகாப்பும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். ஒருவர் திருநங்கை என்பதற்காக மட்டும் இரண்டு ஜோடி கையுறை மாட்டுகிறவர், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு எதுவும் இருக்காது என்று எதை வைத்து முடிவு செய்தார் என்று கேளுங்கள்.

"எனக்கு இதைப் பத்திப் படிப்புல சொல்லிக் குடுக்கல." இது உண்மை, இந்த வாக்கியத்தைச் சொல்கிற டாக்டர்மேல் எனக்கு நம்பிக்கையும் உண்டு. பாடப் புத்தகங்களே பல காலம் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தன. 2021-ல் தேசிய மருத்துவ ஆணையம் இழிவான வரிகளை நீக்கச் சொல்லி அறிவுறுத்தியது. அப்புறமும் 2024-ல் வந்த தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தில் ஓரினச் சேர்க்கையை மறுபடி இயற்கைக்கு மாறான குற்றப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். அந்த டாக்டரிடம், "வயித்து வலிக்குத்தான் சார் வந்திருக்காங்க, வயித்து வலி நீங்க படிச்சதுதானே" என்று சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஹார்மோன் பற்றிய சந்தேகத்தை எண்டோகிரைனாலஜி தெரிந்தவரிடம் போன் போட்டுக் கேட்கலாம். வயிற்று வலிக்காரரைத் திருப்பி அனுப்ப அது காரணம் ஆகாது.

"மத்த பேஷண்ட் சங்கடப்படுவாங்க." மற்ற நோயாளிகளைக் காட்டிச் சொன்னாலும், பெரும்பாலும் அது சொல்கிறவருடைய சங்கடம். நம் ஊர்க்காரர்களை நான் அதைவிட உயர்வாக நினைக்கிறேன். பரத ஆசான்களான தஞ்சை நால்வரின் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற நர்த்தகி நடராஜ், 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். திருநங்கைகளில் அந்த விருதை முதலில் பெற்றவர் அவர். அந்தக் கலையை அவருக்குக் கொடுத்த மண்ணில், ஒரு திருநங்கை காய்ச்சலுக்குக் கட்டில் கேட்டால் யாருக்கு என்ன சங்கடம்?

படி 3: நடக்கிற இடத்திலேயே பேசுங்கள்

மருத்துவமனையில் மேலே கீழே என்கிற அடுக்கு எவ்வளவு கனமானது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். ஹவுஸ் சர்ஜன் அசிஸ்டென்ட்டுக்குப் பயப்படுவார், அசிஸ்டென்ட் சீஃபுக்குப் பயப்படுவார், நர்ஸ் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி பேச முடியாது.

கூட வேலை பார்க்கிறவர்கள் நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து கேலி செய்தால் நேராகச் சொல்லலாம். "அந்த வார்த்தை வேண்டாம் அக்கா, அவங்க பேரைச் சொல்லுங்க" என்றால் போதும், பிரசங்கம் தேவையில்லை. சிரிக்காமல் இருப்பதே பாதி வேலை. வார்டு வேலை பார்க்கிற அம்மாக்களிடம் நான் பெரிதாகச் சட்டம் பேசுவதில்லை. "வாங்க, நீங்க கூட வந்து பெட்ஷீட் மாத்திக் குடுங்க" என்று கையோடு கூட்டிப் போவேன். பக்கத்தில் நின்று பேசிவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது, அப்புறம் அவர்களே "அந்தத் தங்கச்சி சாப்டுச்சா" என்று விசாரிக்கிறார்கள்.

சீனியர் டாக்டரிடம் பேசுவதுதான் கஷ்டம். அவரை எல்லார் முன்னாலும் மடக்கினால் அவமானப்பட்டு இன்னும் இறுகுவார், பழி நோயாளி மேல் விழும். நோயாளியின் பாதுகாப்பு என்கிற வழியில் போனால் அவர் மரியாதையும் கெடாது, காரியமும் நடக்கும்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். காலை ரவுண்ட்ஸ். சிறுநீர் அடைத்து அடிவயிறு கல் மாதிரி இறுகிப்போய் ஒரு திருநங்கை படுத்திருக்கிறார். வருஷங்களுக்கு முன்னால் எங்கோ சுகாதாரமில்லாத இடத்தில் 'நிர்வாணம்' (ஆணுறுப்பை அகற்றுவது) செய்துகொண்டவர், சிறுநீர்த் துளை வரவரச் சுருங்கி இந்த நிலைக்கு வந்திருக்கிறது. யூனிட் டாக்டர் வந்ததும் படிக்கிற பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நெருக்குகிறார்கள். ஸ்கிரீன் இழுக்கவில்லை. சேலையை விலக்கச் சொல்கிறார்கள். அவர் இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "கோஆபரேட் பண்ண மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்கிறார், 'து' என்று.

இந்த இடத்தில் நர்ஸ் என்ன செய்யலாம்? ஸ்கிரீனை இழுத்து மூடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். "சார், அவங்க சம்மதம் கேட்டுக்கட்டுமா, ரெண்டு பேர் மட்டும் இருந்தாப் போதும்ல" என்று கேட்கலாம். நோயாளி காதருகே போய், "அக்கா, யூரின் போறதுக்கு டியூப் போடணும், அதுக்காகத்தான் பாக்கணும், நான் கூடவே இருக்கேன், வேண்டாம்னா சொல்லுங்க நிறுத்திடறேன்" என்று சொல்லலாம். துளை சுருங்கியிருக்கும்போது சாதாரண அளவு கதீட்டரைப் பலவந்தமாகத் தள்ளினால் காயமாகும், சின்ன அளவு எடுக்க வேண்டும், போகவில்லை என்றால் யூராலஜியைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லும்போதே பேச்சு வேடிக்கையிலிருந்து வைத்தியத்துக்குத் திரும்பிவிடும். பயத்தில் இறுகின உடம்பில் டியூப் போவது கஷ்டம் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ரவுண்ட்ஸ் முடிந்தபின் அந்த டாக்டரிடம் தனியாகப் போய், நடந்ததைச் சொல்லி, அடுத்த முறை ஸ்கிரீனும் சம்மதமும் முதலில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதி மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். வந்த நோய்க்குத் தேவையில்லாமல் யாரும் ஒருவரின் பிறப்புறுப்பைப் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. பல் வலிக்கு வந்தவரிடம் "ஆபரேஷன் ஆயிடுச்சா" என்று கேட்பது பாலியல் தொல்லை.

படி 4: கேள்விகளையும் கேஸ் ஷீட்டையும் சரியாக எழுதுங்கள்

நல்ல எண்ணம் இருந்தும் தப்பு நடக்கிற இடம் இது. சரியாகக் கேட்பதற்கு ஒரு வழி உண்டு: ஏன் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்பது. "அடிவயிறு வலி எதனாலன்னு தெரியணும், அதுக்காகக் கேக்குறேன், என்னென்ன ஆபரேஷன் ஆயிருக்கு, என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

ஹார்மோன் பற்றி அவசியம் கேட்க வேண்டும், அதுவும் திட்டாமல். நிறையப் பேர் கருத்தடை மாத்திரையைக் கடையில் வாங்கி ஒரு நாளைக்கு நாலைந்து என்று போடுகிறார்கள். அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் ரத்தம் உறைகிற ஆபத்தைக் கூட்டும், புகைப் பழக்கம் இருந்தால் இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, திடீரென்று மூச்சு வாங்குகிறது என்று வந்தால் இதை மனதில் வைக்க வேண்டும். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்த ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுக்கிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டருக்கு இது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "யார் சொல்லி இதெல்லாம் தின்ன?" என்று ஒரு தரம் அதட்டினால், அடுத்த டாக்டரிடம் எதுவுமே எடுக்கவில்லை என்று மறைத்துவிடுவார். அந்த மறைப்பு உயிரை எடுக்கலாம்.

உறுப்பு எது இருக்கிறதோ அதைப் பாருங்கள், அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். ஆபரேஷன் செய்துகொண்ட திருநங்கைக்கும் புராஸ்டேட் பொதுவாக அப்படியேதான் இருக்கும், வயதானபின் அதன் தொந்தரவு வரலாம். திருநம்பிக்குக் கர்ப்பப்பை இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அவருக்கும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி கருத்தடை ஆகாது, மாதவிலக்கு நின்றுபோன திருநம்பிகூடக் கருத்தரிக்க முடியும். தாடி வைத்த ஒருவர் மகப்பேறு ஓபியில் உட்கார வேண்டியிருந்தால், அவரை ஓரமாக ஒரு அறையில் உட்கார வைத்து முதலில் பார்த்து அனுப்ப நம்மால் முடியாதா?

லேப்பில் ஆண், பெண் என்று இரண்டு அளவுகோல் இருக்கும். ஹீமோகுளோபின் ஹார்மோனைப் பொறுத்து மாறும், டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் ஏறும். ஆகவே எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறோம் என்று டாக்டர் யோசிக்கும்படி சீட்டில் "ஹார்மோன் எடுக்கிறார்" என்று ஒரு வரி இருந்தால் நல்லது. அந்த வரி கேஸ் ஷீட்டுக்குள் இருக்கட்டும். கட்டில் தலைமாட்டு அட்டையில் 'திருநங்கை', 'டிஜி' என்று சிவப்பு மையில் எழுதித் தொங்கவிடுவது யாருக்கும் உபயோகமில்லை.

படி 5: வார்டும் கழிப்பறையும்

எங்கே படுக்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள். பெண்ணாக வாழ்கிறவரை ஆண் வார்டில் போட்டால் ராத்திரி அவர் தூங்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். தனிக் கட்டில், மூலைக் கட்டில், ஸ்கிரீன் என்று எதையாவது ஏற்பாடு செய்யலாம். வராந்தாவில் மட்டும் போடாதீர்கள். கழிப்பறைக்கு வழி இல்லாமல் தண்ணீரே குடிக்காமல் கிடந்து சிறுநீர்த் தொற்று ஆனவர்கள் உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்ள வருகிற குருவையோ (தாய்போல இருக்கும் மூத்த திருநங்கை) சேலாவையோ (அவருடைய சிஷ்யை) "சொந்தக்காரங்க இல்ல" என்று வெளியே அனுப்புகிறார்கள், அதையும் நிறுத்த வேண்டும். அவர்களுக்கு வீடு என்றால் ஜமாத் என்கிற அந்தத் திருநங்கைக் குடும்பம்தான். நோயாளி யாரை உறவு என்று சொல்கிறாரோ அவரை உள்ளே விடுங்கள்.

படி 6: ஆஸ்பத்திரியை மாற்றுங்கள்

ஒருவர் டியூட்டியில் இருக்கும்போது நல்லபடியாகவும், ஷிஃப்ட் மாறியதும் பழையபடியும் நடந்தால் பயனில்லை. நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீனிடமோ எழுத்தில் கொடுங்கள். என்ன கேட்கலாம்? 2019-ம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. உங்கள் இடத்தில் அவர் யார்? பெயர்ப் பலகை எங்கே? இந்தக் கேள்வியே பல இடங்களில் முதல் அசைவை உண்டாக்கும். அதே சட்டத்தின் 15-வது பிரிவு, மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்துவதையும் மருத்துவமனைக்குள் இவர்கள் எளிதாக வந்துபோகிற ஏற்பாட்டையும் அரசின் பொறுப்பாக வைக்கிறது.

பயிற்சி வகுப்பு வையுங்கள், ஆனால் வெளியூர் நிபுணரை மட்டும் கூப்பிட்டுப் படம் காட்டி டீ கொடுத்து முடிக்காதீர்கள். உங்கள் மாவட்டத்துத் திருநங்கை ஒருவரையும் திருநம்பி ஒருவரையும் பேசக் கூப்பிடுங்கள், டாக்டருக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுங்கள். அவர்களின் சோகக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவதற்காக இந்த வகுப்பு நடக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் என்ன நடந்தது, என்ன மாறினால் மறுபடி வருவீர்கள் என்று கேளுங்கள். வாட்ச்மேன், கவுன்டர் ஊழியர், தூய்மைப் பணியாளர் எல்லாரும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும், டாக்டருக்கு மட்டும் நடத்தினால் கேட்டில் விரட்டுவது தொடரும்.

தொழிலுக்குள் திருநர் வருவதற்கும் துணை நில்லுங்கள். 2019 டிசம்பரில் அன்பு ரூபி என்கிற திருநங்கை தமிழ்நாட்டில் அரசு செவிலியர் பணிக்கு வந்தார். நர்ஸிங் படிக்கிற, பாராமெடிக்கல் படிக்கிற ஒரு பிள்ளை ஹாஸ்டலில் தவிக்கிறது என்று தெரிந்தால், படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்தக் கல்லூரியில் இருக்கிற நம்மவர்கள்தான்.

படி 7: மறுக்கப்பட்டவரும் கூட வந்தவரும் செய்ய வேண்டியது

இனி நோயாளிகளுக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் நேராகச் சொல்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் இருந்தால் பேச்சே மாறும். ஆபத்தான நிலை என்றால் முதலில் உயிரைப் பாருங்கள், சண்டை அப்புறம். நேரே காஷுவாலிட்டிக்குப் போங்கள், அங்கே உங்களைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை.

ஓபி சீட்டை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தேதி அதில் இருக்கும், நீங்கள் அங்கே வந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. வைத்தியம் பார்க்க மறுத்தால், "என்ன காரணத்துக்காகப் பாக்க முடியாதுன்னு இந்தச் சீட்டுலயே எழுதிக் குடுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள், காரணத்தை எழுத யாருக்கும் தைரியம் வராது. எழுத மறுத்தால் நேரம், அறை எண், பேட்ஜில் உள்ள பெயர், சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அங்கேயே உங்கள் போனில் உங்களுக்கே ஒரு மெசேஜாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள், மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

புகாரை எங்கே கொடுப்பது? அரசு மருத்துவமனை என்றால் முதலில் நிலைய மருத்துவ அலுவலர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன். அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் மாவட்ட அளவில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணோடு ரசீது வாங்குங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லா மாவட்டத்திலும் இது நடக்கிறது, நாலைந்து பேராகப் போனால் நல்லது. நேரில் போக முடியாதவர்கள் 1100 எண்ணில் முதல்வரின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், 104 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்கும் சொல்லலாம். குறிப்பிட்ட டாக்டர் மேல் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

மனுவில் என்ன எழுதுவது என்று பலர் திணறுகிறார்கள். சுருக்கமாக எழுதினால் போதும்: எந்தத் தேதி, என்ன உடம்புக்கு, யாரிடம், என்ன நடந்தது, இப்போது என்ன வேண்டும். சட்டத்துக்கு இரண்டு வரி. 2019 சட்டத்தின் 3-வது பிரிவு மருத்துவ சேவையை மறுப்பதையும், நிறுத்துவதையும், பாரபட்சம் காட்டுவதையும் தடை செய்கிறது. 18-வது பிரிவில், வார்த்தையாலும் மனதாலும் துன்புறுத்துவதும் குற்றம் என்று சேர்த்து, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்தார்கள். இதற்கெல்லாம் அடித்தளம் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்துக் கொடுத்த நால்சா தீர்ப்பு. "அந்த டாக்டரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விசாரணை இழுக்கும். "எனக்கு உடனே சிகிச்சை வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும், பெயர் கூப்பிடும் முறை மாற வேண்டும்" என்று சேர்த்து எழுதினால் அதிகாரியால் அன்றைக்கே ஏதாவது செய்ய முடியும். முப்பது நாளாகியும் பதில் இல்லையா, என் மனு மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பிள்ளையை மாற்றச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போகிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்கிற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, நானும் இதே ஊர்களில்தான் வளர்ந்தேன். ஆனால் மாத்திரையும் அடியும் பூட்டிய அறையும் அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும். உதவி வேண்டியது உங்களுக்கும்தான். 14416-க்குப் போன் செய்தால் அரசின் மனநல ஆலோசகர் பேசுவார், தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்து, ஹார்மோனோ ஆபரேஷனோ வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அதற்குத் தெரிந்த இடம். கண்ட இடத்தில் கத்தி வைக்கிறவர்களிடம் போகாமல் பாதுகாப்பாகச் செய்துகொள்ள அதுதான் வழி.

படி 8: பேசுகிறவரைத் தனியாக விடாதீர்கள்

வார்டில் வாயைத் திறந்து பேசுகிற நர்ஸுக்கோ ஹவுஸ் சர்ஜனுக்கோ பின்னால் கஷ்டம் வரும். நைட் டியூட்டி தொடர்ந்து விழும், "உனக்கு ஏன் அவங்க மேல இவ்வளவு அக்கறை" என்று குத்திப் பேசுவார்கள். அதனால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யுங்கள், ஒருவர் டியூட்டியில் இல்லாதபோது மற்றவர் இருப்பார். நர்ஸ் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசு பொருளாக்குங்கள். நிர்வாகத்தோடு பேசியதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். நல்லபடி நடந்துகொண்ட டாக்டரைப் பாராட்டி டீனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், புகார் மட்டுமே போகிற அலுவலகத்தில் அந்தக் கடிதத்துக்கு நல்ல பலன் உண்டு.

புது ஹவுஸ் சர்ஜன் பேட்ச் வரும்போதெல்லாம் முதல் வாரத்திலேயே அவர்களைப் பிடித்து, பெயர் கேட்பது, ஸ்கிரீன் இழுப்பது, ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்பது, இந்த மூன்றையும் வார்டிலேயே செய்து காட்டுங்கள். சீனியர்களின் பேச்சு காதில் ஏறுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பேட்ச் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.